உட்கூரையில் ஒரு குடம் நீர்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒருவகை வீடு கட்டப்படுகிறது. செங்கல் இல்லை, கலவை இல்லை. தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்த பெரிய பலகங்களை நிறுத்திப் பூட்டிச் சுவராக்குகிறார்கள். அவற்றைப் போன்றே வேறு பலகங்களைச் சாய்வாக ஏற்றிக் கூரையாக்குகிறார்கள். ஒவ்வொரு பலகத்திலும் மூன்று அடுக்குகள் உண்டு. மேலும் கீழும் மெல்லிய எஃகுத் தகடு, அல்லது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகை. நடுவே நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ கனமுள்ள இறுகிய நுரை. நம் ஊர்க் குளிர்பதனக் கிடங்குகளில் 'பஃப் பேனல்' என்று சொல்லப்படும் பலகம் இதற்கு உடன்பிறந்ததுதான்.

கூரை ஏறியதும் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் உட்கூரை வழவழப்பாக இருக்கும். வேலை முடிந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றும். ஆனால் தச்சர் விடுவதில்லை. பலகத்தின் அடியில் ஒன்றரை அல்லது இரண்டடிக்கு ஒன்றாக ரீப்பர் சட்டங்களைத் திருகுகிறார். பிறகு அரை அங்குலக் கனமுள்ள ஜிப்சம் அட்டைகளை இருவர் தலைக்கு மேல் ஏந்திப் பிடிக்க, அவற்றை அந்தச் சட்டங்களில் திருகாணிகளால் இறுக்குகிறார்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. முடிந்துபோன உட்கூரையை மறுபடி ஏன் மூட வேண்டும்? அறையின் அளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால், அதற்கு வேண்டிய அட்டைகளின் எடை மட்டும் சுமார் 100 கிலோ. அதாவது இரண்டு சிமெண்டு மூட்டை. நகத்தால் கீறினாலே பள்ளம் விழும் நுரைப் பலகத்தில் இந்தப் பாரம் எப்படித் தொங்குகிறது? அழகுக்காகத்தான் மூடுகிறார்கள் என்று முதற்கேள்விக்குப் பலரும் விடை சொல்வார்கள். அது பாதி விடைகூட ஆகாது. முழு விடை தெரிய நாம் சில நூற்றாண்டுகள் பின்னே போகவேண்டும்.

சாந்தும் தீயும்

மரத்தால் கட்டிய நகரங்கள் அடிக்கடி எரிந்தன. 1212-இல் லண்டனில் பெருந்தீ மூண்டது. அந்த ஆண்டிலேயே, தேம்ஸ் நதிக்கரையில் இருந்த சமையற்கடைகளுக்கு உள்ளும் புறமும் சாந்து பூசி வெள்ளையடிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1666-இல் லண்டன் மீண்டும் எரிந்தது. அந்தச் செய்தியின் சூடு ஆறுமுன், 1667-இல், பிரான்சு நாட்டு மன்னர் பதினான்காம் லூயி பாரிசில் உள்ள மரவீடுகளுக்குச் சாந்துப் பூச்சைக் கட்டாயமாக்கினார். பாரிசுக்கு அது எளிது. நகரின் ஓரத்திலேயே மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டி எடுத்து, சுட்டு, பொடியாக்கி வந்தார்கள். 'பாரிஸ் சாந்து' என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

சுவரில் சாந்து பூசலாம். உட்கூரையில் எப்படிப் பூசுவது? ஈரச் சாந்து தலையில் விழாதா? ஐரோப்பியக் கொத்தர்கள் கண்ட வழி அழகானது. மேல்தளத்தைத் தாங்கும் உத்திரங்களின் அடியில் மெல்லிய மரச் சிம்புகளைக் கால் அங்குல இடுக்கு விட்டு வரிசையாக ஆணியடித்தார்கள். மாட்டு மயிரோ ஆட்டு மயிரோ கலந்த சாந்தைக் கரணையால் மேல்நோக்கி அழுத்தினார்கள். சாந்தில் ஒரு பங்கு இடுக்கின் வழியே ஏறி, சிம்பின் முதுகில் வழிந்து, கொக்கிபோல் இறுகிவிடும். இதைச் 'சாவி' என்பது அவர்கள் வழக்கு. உட்கூரை முழுவதும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு கொக்கிகளிலேயே தொங்கியது. மூன்று பூச்சுகள் தேவை, ஒவ்வொன்றும் உலரவேண்டும். வாரக்கணக்கில் வேலை நடக்கும். மேல்தளத்தில் குழந்தைகள் குதித்துக் குதித்தோ கூரை ஒழுகியோ சாவிகள் ஒவ்வொன்றாக ஒடிந்துபோனால், ஒருநாள் உட்கூரை பாளம் பாளமாக இறங்கிவிடும்.

சாந்து எரியாது, அதனால்தான் தீயைத் தடுக்கிறது என்று அக்காலத்தவர் எண்ணினார்கள். எரியாத பொருள் எத்தனையோ உண்டு. இரும்புத் தகடும் எரியாது. ஆனால் இரும்புத் தகட்டின் ஒருபக்கம் தீ வைத்தால் மறுபக்கம் உள்ள மரம் சற்று நேரத்தில் கருகத் தொடங்கும். ஜிப்சத்தில் வேறொன்று இருக்கிறது. அதைக் கண்டு சொன்னவர் ஓர் இருபத்தொரு வயது இளைஞர்.

லவாய்சியரின் தராசு

பிற்காலத்தில் நவீன வேதியியலின் தந்தை எனப் புகழ்பெற்ற லவாய்சியர், 1765-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் படித்த முதல் ஆய்வுரையே ஜிப்சத்தைப் பற்றியதுதான். ஜிப்சத்தைச் சூடாக்கும்போது அதிலிருந்து வெளிவருவது வெறும் நீர் என்று அவர் காட்டினார். வெளிவந்த நீரை எடை போட்டார். சுட்ட பொடியில் மீண்டும் நீர் ஊற்றும்போது, இழந்த நீரையே அது திரும்ப ஏற்று இறுகுகிறது என்றும் கண்டார். மந்திரம்போல் தோன்றிய ஒரு கைத்தொழிலைத் தராசைக் கொண்டு விளக்கிவிட்டார்.

ஜிப்சம் நமக்கு அந்நியமானதன்று. நிலக்கடலைக்கு நம் உழவர்கள் இடும் ஜிப்சம் இதுவே. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊரின் களிமண் மேடுகளில் இது பளபளக்கும் ஏடுகளாகக் கிடக்கிறது. எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டும் இதன் மறு உருவந்தான். மாவுக்கட்டு இறுகும்போது இளஞ்சூடாவதைக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் உணர்ந்திருப்பார்கள். நீரை வெளியேற்ற எந்த வெப்பத்தைக் கொடுத்தோமோ, நீரைத் திரும்பப் பெறும்போது அதில் ஒரு பகுதி வெளியே வருகிறது.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டின் ஒரு மூலக்கூறும் நீரின் இரண்டு மூலக்கூறுகளும் சேர்ந்த படிகம். கால்சியம் 40, கந்தகம் 32, நான்கு ஆக்சிஜன் 64, கூட்டினால் 136. இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு 36. மொத்தம் 172. இதில் நீரின் பங்கு 36. அதாவது நூற்றுக்கு 21. தொட்டால் உலர்ந்து, எழுதினால் பொடி உதிரும் அந்தப் பொருளில் ஐந்தில் ஒரு பங்கு நீர்! நாம் சொன்ன அறையின் உட்கூரையில் அட்டையின் எடை 100 கிலோ. மேலே ஒட்டிய காகிதத்தையும் கலப்பையும் கழித்துவிட்டாலும் சுமார் 18 கிலோ நீர் அங்கே இருக்கிறது. ஒரு குடம் நீருக்குமேல் நம் தலைக்கு மேலே, சொட்டாமல், கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது.

கீழே தீப்பிடித்தால் என்ன நடக்கும்? காகிதக் கிண்ணத்தில் நீர் ஊற்றி விளக்கின்மேல் காட்டினால் காகிதம் எரியாததைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். நீர் முழுதும் ஆவியாகிற வரையில் காகிதத்தின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது. ஜிப்சம் அட்டை அப்படிப்பட்ட ஒரு காகிதக் கிண்ணந்தான். அடியில் தீ எவ்வளவு சீறினாலும், அட்டைக்குள் நீர் எஞ்சியிருக்கும்வரை அதன் மேற்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். 18 கிலோ நீரை அறையின் வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றி ஆவியாக்க ஏறத்தாழ 4.6 கோடி ஜூல் வேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுவதும் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் அது. படிகத்திலிருந்து நீரைப் பிரிக்கும் வேலைக்கு ஆகும் வெப்பம் வேறு.

கொத்தர் செய்ததைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனவர் அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட். தாள்களுக்கு இடையே பாரிஸ் சாந்தை அடுக்கடுக்காக வைத்து அழுத்திய அட்டைக்கு அவர் 1894-இல் காப்புரிமை பெற்றார். மூன்றடிச் சதுரம், கால் அங்குலக் கனம். முதலில் அது மரச் சிம்புகளுக்கு மாற்றாகத்தான் விற்கப்பட்டது. அதன்மேல் பூச்சு பூசியாகவேண்டும். 1909-இல் அவருடைய நிறுவனத்தை யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் வாங்கியது. 1917-இல் 'ஷீட்ராக்' என்ற பெயரில், பூச்சே வேண்டாத அட்டை சந்தைக்கு வந்தது. மக்கள் உடனே ஏற்கவில்லை. 'அட்டை வீடு' என்றே நினைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் கொத்தர்கள் கிடைக்காமற்போனபோதுதான் அட்டைக்கு மவுசு வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை இரண்டொரு நாளில் முடிந்தது. சாந்தின் 'சாவி' போய், அட்டையின் ஆணி வந்தது.

ஆணிக்கும் ஒரு சங்கடம் இருந்தது. பச்சை மரம் உலர உலரச் சுருங்கும், ஆணி சுருங்காது. எனவே சில மாதங்களில் ஆணியின் தலை அட்டையைத் தள்ளிக்கொண்டு பரு முளைத்ததுபோல வெளியே வரும். பின்னாளில் திருகாணி ஆணியின் இடத்தைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நுரை வந்த கதை

இனி நம் பலகத்துக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரில் மரப்பொருள் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. அங்குள்ளோர் 1935-இல், ஒட்டுப்பலகைத் தோல்களும் நடுவே வெப்பக்காப்புமாக அமைந்த பலகங்களைக் கொண்டு ஒரு சிறு கட்டடத்தை எழுப்பிப் பார்த்தார்கள். சட்டமும் தூணும் சுமக்கும் பாரத்தை அந்த மெல்லிய தோல்களே சுமக்குமா என்பதே கேள்வி. சுமந்தன.

இதில் உள்ள பௌதிகம் எளிது. ஒரு பலகையை வளைத்தால் மேற்புறம் நசுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. எனவே வலுவான பொருளை இரு ஓரங்களில் மட்டும் வைத்து, நடுவில் அவற்றைப் பிரித்து நிறுத்தும் இலேசான பொருளை வைத்தால் போதும். தோல்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டித்தால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். 1940-இல் முதன்முதலாகப் பறந்த 'மஸ்கிட்டோ' என்னும் பிரிட்டிஷ் போர்விமானத்தின் உடல் இம்முறையில்தான் அமைந்தது: பிர்ச்சு மரத் தோல்கள், நடுவே தக்கைபோன்ற பால்சா மரம்.

அந்த நடுப்பொருளாக நுரை வந்தது. 1937-இல் ஜெர்மனியில் லெவர்கூசன் நகரில் ஓட்டோ பேயர் பாலியுரிதேனைக் கண்டார். 1940-களில் அமெரிக்காவின் டௌ நிறுவனம் பாலிஸ்டைரீனை நுரைக்கச் செய்தது. நாம் தெர்மக்கோல் என்பது இதே பாலிஸ்டைரீனின் வேறொரு வகை நுரை. டௌ நிறுவனத்தை ஏற்படுத்தியவரின் மகனும் கட்டடக் கலைஞருமான ஆல்டன் டௌ 1950-களின் தொடக்கத்தில் நுரை நடுவாக அமைந்த பலகங்களால் வீடுகள் கட்டினார். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது, வெப்பக்காப்பு என்ற சொல்லுக்கே தனி மதிப்பு ஏற்பட்டது. எரிபொருளைச் சேமிக்க இதைவிடச் சிக்கனமான பொருள் கிடைப்பது அரிது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்போடு சேர்ந்து ஒரு பொய்யும் ஊருக்குள் வந்துவிட்டது.

'தானே அணையும்' நுரை

நுரை எரியுமா? உற்பத்தியாளர்கள் ஒரு சோதனையைக் காட்டினார்கள். கையகலமுள்ள சிறு துண்டை ஒரு கம்பி வலையின்மீது கிடைமட்டமாக வைத்து, ஒரு நுனியில் சுடரைக் காட்டவேண்டும். சுடரை எடுத்தபின் தீ எவ்வளவு தூரம் ஊர்கிறது என்று பார்க்கவேண்டும். பல நுரைகளில் அது ஊரவில்லை, அணைந்துபோயிற்று. உடனே விளம்பரங்களில் 'தானே அணைவது', 'எரியாதது' என்ற சொற்கள் ஏறின. சோதனை பொய்யன்று; நடந்தது நடந்ததுதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

ஏன் என்று பார்ப்போம். திறந்த வெளியில் வைத்த சிறு துண்டு எரியும்போது, அதன் வெப்பம் நாலாபுறமும் போய்விடுகிறது. சூடான வாயு மேலே போய்விடுகிறது. துண்டுக்குத் திரும்பி வருவது மிகக் குறைவு. அறையின் மூலையில் அப்படியல்ல. அங்கே இரண்டு சுவர்களும் உட்கூரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று வீசும் வெப்பக் கதிர் மற்றொன்றின்மேல் விழுகிறது. வெப்பக் கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்காகக் கூடும் என்ற ஸ்டீபன் விதியை நினைவுகொள்ளுங்கள். வெப்பநிலை இரட்டித்தால் வீச்சு பதினாறு மடங்கு. மேலெழும் சூடான வாயுவுக்குப் போக்கிடம் இல்லாமல் உட்கூரையின் அடியிலேயே பரவித் தேங்குகிறது.

இதைவிட நுட்பமான செய்தி ஒன்று உண்டு. மரக்கட்டையின் மேற்பரப்பில் வெப்பம் விழுந்தால் ஒரு பங்கு உள்ளே கடத்தப்பட்டுவிடும். எனவே மேற்பரப்பு மெல்லத்தான் சூடேறும். நுரையோ வெப்பத்தை உள்ளே விடாது. அதற்காகத்தானே அதை வாங்கினோம்? ஆகவே விழுந்த வெப்பமெல்லாம் மேல்தோலிலேயே தங்கி, அது நொடிகளில் பற்றும் நிலைக்கு வந்துவிடுகிறது. நல்ல வெப்பக்காப்பு என்ற அதே குணமே திறந்திருக்கும் நுரையை மரத்தைவிட வேகமாகப் பற்றவைக்கிறது. சிறு துண்டில் இது தெரியாது. மூலையில் தெரியும்.

1973-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் பிளாஸ்டிக் தொழிற்சங்கத்தின்மீதும் 26 நிறுவனங்களின்மீதும், அச்சோதனையை வெளியிட்ட தரக்கழகத்தின்மீதும் குற்றம் சாட்டியது. 1974-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தச் சொற்களைக் கைவிடவேண்டும். நுரையின் தீப்பண்புகளை ஆராய ஐந்தாண்டுகளுக்கு 50 லட்சம் டாலர் தரவேண்டும். இப்படி ஒரு வழக்கினால் ஓர் ஆராய்ச்சித் துறையே வளர்ந்தது. சிறு துண்டுகளை விட்டுவிட்டு, முழு அறையைக் கட்டி அதன் மூலையில் தீ வைத்துப் பார்க்கும் முறை வலுப்பெற்றது. 1993-இல் அது பன்னாட்டுத் தரமாகவும் வெளிவந்தது.

1970-களின் நடுவிலிருந்து அமெரிக்கக் கட்டட விதிகளில் ஒரு கட்டளை நுழைந்தது. வீட்டின் உட்புறத்துக்கும் நுரைக்கும் நடுவே, 15 நிமிடம் தாங்கும் வெப்பத்தடை ஒன்று இருந்தாகவேண்டும். அரை அங்குல ஜிப்சம் அட்டை அதற்குப் போதும். தடை என்றால் என்ன என்பதற்கும் அளவு வைத்தார்கள். நியமத் தீயில் 15-ஆம் நிமிடத்தில் உலையின் வெப்பநிலை 760 டிகிரியை நெருங்கும். அப்போதும் அட்டைக்கு மறுபுறம், நுரை தொடும் இடத்தில், சராசரி வெப்பநிலை ஏற்றம் 139 டிகிரியைத் தாண்டக்கூடாது. கீழே 760; மேலே அதில் ஐந்தில் ஒரு பங்கு. நடுவில் நிற்பது லவாய்சியர் எடை போட்ட நீர்.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. 2003 பிப்ரவரி 20 அன்று இரவு, ரோட் ஐலண்டு மாநிலத்தில் வெஸ்ட் வார்விக் என்னும் ஊரில் ஓர் இசை விடுதியில் வாணவெடியின் பொறி மேடையைச் சுற்றிய நுரையில் பட்டது. 100 பேர் மாண்டார்கள். அது கூரைப் பலகத்தின் நுரையன்று. ஒலியை அடக்க ஒட்டிய மெத்தை நுரை. ஆனால் சுவரிலும் உட்கூரையிலும் எந்த மூடியும் இல்லாமல் திறந்து கிடந்தது. பின்னர் அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த மேடைப் பகுதியை அப்படியே கட்டி எரித்துப் பார்த்தபோது, ஒன்றரை நிமிடத்துக்குள் அங்கே மனிதர் உயிர்பிழைக்க முடியாத நிலை வந்துவிட்டது. பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு பெரிய வரம் என்பதை இப்போது எண்ணிப் பாருங்கள்.

எதில் தொங்குகிறது?

மூடவேண்டும் என்பது சரி. ஆனால் அட்டை தன் இடத்தில் இருந்தால்தானே மூடி? 15 நிமிடம் நிற்கவேண்டிய அட்டை ஐந்தாம் நிமிடத்தில் கழன்று விழுந்தால், அதிலுள்ள நீரெல்லாம் தரையோடு போயிற்று. ஆகவே இரண்டாவது கேள்வியும் முதல் கேள்விக்குச் சமமானது. தச்சரின் ரீப்பர் சட்டத்துக்கு உள்ள முக்கியத்துவம் இதுதான்.

1993 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட் நகரில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் தீ மூண்டது. அங்கே உட்கூரையும் சுவர்களும் பாலிஸ்டைரீன் நடுவாக அமைந்த எஃகுத் தகட்டுப் பலகங்கள். நுரை உருகத் தொடங்கியதும் தகட்டுக்கும் அதற்கும் உள்ள ஒட்டு விட்டுப்போயிற்று; பலகங்கள் சரிந்து விழுந்தன. உள்ளே சென்ற தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். அதன்பின் வந்த வழிகாட்டு நூல்கள் நுரையே போய்விட்டாலும் தகடு கட்டடத்தின் சட்டத்தைப் பிடித்துத் தொங்கவேண்டும் என்று வற்புறுத்துகின்றன.

இப்போது ரீப்பரைத் திருகும் தச்சரின் இக்கட்டைப் பாருங்கள். நுரையில் திருகாணி பிடிக்காது. பிடிப்பதெல்லாம் கீழ்த்தோலில்தான். தோல் சுமார் 11 மில்லிமீட்டர் மரச்சீவல் பலகையானால் கவலை குறைவு. அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடானால், திருகாணியின் புரிகளில் ஒன்றோ இரண்டோதான் அதில் கவ்வும். பாரத்தைப் பல திருகாணிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கவே சட்டம் தேவைப்படுகிறது. சதுர மீட்டருக்கு எட்டரைக் கிலோ அட்டையும் சட்டமும். ஒவ்வொரு திருகாணிக்கும் இரண்டு மூன்று கிலோ வந்தால் சாதாரண நாளில் தகடு தாங்கிவிடும். ஆனால் அந்தத் தகடே நுரையின்மீது பசையால்தான் ஒட்டியிருக்கிறது. சூட்டில் பசை இளகினால் தகடும் சட்டமும் அட்டையும் சேர்ந்தே இறங்கும். ஹெர்ஃபோர்டில் கண்ட பாடம் இது.

அப்படியானால் பலகத்தை ஊடுருவி மேலே உள்ள இரும்புச் சட்டம்வரை நீண்ட ஆணியைச் செலுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். செலுத்தலாம், விலை கொடுக்கவேண்டும். எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறன் நுரையினுடையதைப்போல் ஏறத்தாழ 2000 மடங்கு. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆணியின் குறுக்குப்பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். அதை 2000-ஆல் பெருக்கினால், 24 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுர நுரை வழியே கசியும் வெப்பம் அந்த ஓர் ஆணி வழியே கசியும். சதுர மீட்டருக்கு நான்கு ஆணி என்றால் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான வெப்பம் கூடுதலாக வீணாகிறது. குளிர்நாட்டில் வேறொரு தொல்லையும் உண்டு. ஆணியின் உள்நுனி சில்லிட்டுப்போய், அறையின் ஈரம் அதன்மேல் பனித்துச் சொட்டும். ஆகவே ஊடுருவும் ஆணிகளை அளவோடு, கட்டடச் சட்டம் குறுக்கிடும் இடங்களில் மட்டும் வைத்து, ரீப்பரை அந்த ஆணியிலிருந்து ஆணிக்கு ஓடவிடுகிறார்கள். நடுவில் உள்ள திருகாணிகள் தகட்டைப் பிடித்தால் போதும். நல்ல தச்சர் ரீப்பரின் திசையை முடிவு செய்யும்முன் மேலே சட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பது இதனால்தான்.

இன்னொரு வேடிக்கை, கோடை வெயிலில். பலகத்தின் மேல்தகடு கொதிக்கிறது; கீழ்த்தகடு அறைக் குளிரிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் 40 டிகிரி வேறுபாடு என்று கொண்டால், 6 மீட்டர் நீளப் பலகத்தில் மேல்தகடு கீழ்த்தகட்டைவிட 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீள முயலும். ஒட்டியிருப்பதால் முழுதும் நீள முடியாமல் பலகம் மேல்நோக்கி வில்போல் வளையும். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஈருலோகப் பட்டையைச் சுடரில் காட்டி வளைத்துக் காட்டுவோம். ஒரு கூரையே அதே வேலையைப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை செய்கிறது. ஜிப்சம் அட்டைக்கு இந்த நடனம் தெரியாது. பலகத்திலேயே நேராக அட்டையை இறுக்கிவிட்டால் இணைப்புகள் வெடிக்கும். நடுவில் ரீப்பர் நின்று, ஓரங்களில் சற்று இடைவெளியும் விட்டால், அசைவில் பெரும்பங்கு அட்டைக்கு எட்டுவதில்லை.

ரீப்பரின் உயரத்தால் கிடைக்கும் ஓரங்குல இடைவெளிக்கும் ஒரு பயன் உண்டு: மின்கம்பிகள் அதில் ஓடலாம். பி.வி.சி. உறையிட்ட கம்பியைப் பாலிஸ்டைரீன் நுரையோடு உரசவிடக்கூடாது என்பது மின்பணியாளர் அறிந்த பாடம். உறையை வளையச்செய்யும் எண்ணெய்ப்பொருளை நுரை மெல்ல உறிஞ்சிவிடும். சில ஆண்டுகளில் உறை விறைத்து வெடிக்கும். ஜிப்சத்துக்கு மேலே மறைந்த இடத்தில் மின்பொறி பறந்தால் கீழே உள்ள நீர் அதைத் தடுக்காது.

தொங்கும் பிடிப்பை மறந்தால் நூறு ஆண்டு கழித்தும் அது தன்னை நினைவூட்டும். லண்டனில் 1901-இல் திறந்த அப்பல்லோ நாடக அரங்கில் 2013 டிசம்பர் 19 அன்று, நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே உட்கூரையின் ஒரு பகுதி பார்வையாளர்மேல் விழுந்தது. எண்பது பேர் அளவில் காயமுற்றார்கள். நல்லவேளையாக எவரும் சாகவில்லை. விழுந்த சாந்து கெட்டுப்போகவில்லை. சாக்குத் துணியைச் சாந்தில் தோய்த்து மரச்சட்டத்தோடு கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுகள்தாம் இற்றுப்போயிருந்தன.

எனவே இன்று தீச்சோதனை உலைகளில் அட்டையைத் தனியாக எவரும் சோதிப்பதில்லை. பலகம், ரீப்பர், திருகாணி, அட்டை எல்லாவற்றையும் வீட்டில் எப்படி அமையுமோ அப்படியே உலையின் தலையில் மூடிபோல் ஏற்றி, அடியிலிருந்து எரிக்கிறார்கள். நீரெல்லாம் போனபின் ஜிப்சம் சுருங்கி வெடிக்கும். தீக்கென்று செய்த அட்டைகளில் அதைக் கட்டிப்பிடிக்கக் கண்ணாடி இழைகளைக் கலக்கிறார்கள். அப்போது தன் எடையாலேயே அட்டை தொய்ந்து திருகாணியின் தலையை உருவிக்கொண்டு விழப் பார்க்கும். சுவரில் நிற்கும் அட்டைக்கு அந்த அவசரம் இல்லை. அமெரிக்கத் தச்சர்கள் ஒரே அட்டையைச் சுவரில் 16 அங்குலத்துக்கு ஒரு திருகாணியாலும் உட்கூரையில் 12 அங்குலத்துக்கு ஒரு திருகாணியாலும் இறுக்குகிறார்கள்.